ஹார்மோனின் பெயரில் ஒரு பொய்க் கையெழுத்து

1971 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கன்ஸர் மூவரும் சேர்ந்து எழுதியது. யோனியில் புற்றுநோய் கண்ட எட்டு இளம்பெண்களைப் பற்றிய கட்டுரை அது. அந்த வயதுப் பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வருவதை மருத்துவ உலகம் அதுவரை மிக அரிதாகவே பார்த்திருந்தது. அதனால் இவர்கள் தேடத் தொடங்கினார்கள். புகைபிடித்தார்களா, வேறு நோய் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது புற்று வந்ததா என்று எல்லாக் கோணத்திலும் விசாரித்தார்கள். விடை கிடைத்த இடம் அந்தப் பெண்களின் வாழ்க்கையில் இல்லை. எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார்கள், இவர்களைக் கருவில் சுமந்திருந்தபோது டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ்., என்ற மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்காகச் சேர்த்துக்கொண்ட 32 பெண்களின் தாய்மார்களில் ஒருவர்கூட அதைச் சாப்பிடவில்லை. கர்ப்ப காலத்தில் தான் சாப்பிட்ட மாத்திரை இதற்குக் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகத்தை மருத்துவரிடம் முதலில் எழுப்பியவரே அந்தத் தாய்மார்களில் ஒருவர்தான்.

டி.இ.எஸ். என்பது செயற்கை ஈஸ்ட்ரோஜன். லண்டனைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் சார்லஸ் டாட்ஸ் 1938-இல் அதை உருவாக்கினார். காப்புரிமை எதுவும் இல்லை, செய்வதற்கும் மலிவு. ஏராளமான மருந்து நிறுவனங்கள் அதைத் தயாரித்து விற்றன. 1940-களின் இறுதியிலிருந்து கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்மன் குழுவினர் 1,600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்து, இந்த மாத்திரை கருச்சிதைவைத் தடுக்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் 18 ஆண்டுகள் அதை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பயன் இல்லை என்று தெரிந்தபின் ஒரு மருந்தை நிறுத்த 18 ஆண்டுகள் ஆயின என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் ஆறவில்லை.

மாசுகளைப் பற்றி எழுத வந்தவன் மருந்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. டி.இ.எஸ். விஷயத்தில் யார் சாப்பிட்டார், கர்ப்பத்தின் எத்தனையாவது வாரத்தில், எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவமனைக் குறிப்பேடுகளில் இருந்தன. அதனால்தான் இருபது ஆண்டு கழித்தும் காரணத்தைப் பிடிக்க முடிந்தது. பூச்சிமருந்துத் தெளிப்பிலும் பிளாஸ்டிக் உறையிலும் குப்பைப் புகையிலும் இருந்து உடலுக்குள் போகும் வேதிப்பொருளுக்கு மருந்துச் சீட்டு கிடையாது. அது எந்த நாளில் நுழைந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

ஹார்மோன்கள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் பார்ப்போம். தைராய்டு, அட்ரினல், கணையம், சினைப்பை, விந்தகம், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி ஆகிய நாளமில்லாச் சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் வேதிப்பொருள்களை நேராக ரத்தத்தில் கலக்கின்றன. எவ்வளவு சிறிய அளவு? ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ராடயால் சில பத்து முதல் சில நூறு பிகோகிராம் வரை இருக்கும். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இந்தத் துளியளவுதான் ஒரு பெண்ணின் மாதச் சுழற்சியையும் எலும்பின் வலுவையும் கர்ப்பத்தையும் நடத்துகிறது.

ஹார்மோன் தன் வேலையைத் தானே செய்வதில்லை. அது கொண்டுவருவது உத்தரவு மட்டும். செல்லில் அதற்கென்று ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஹார்மோன் அதில் பொருந்தியதும் செல்லுக்குள் சில மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன, சில நிறுத்துகின்றன. ஏற்பி பார்ப்பது மூலக்கூறின் வடிவத்தை மட்டுமே. மேலதிகாரியின் கையெழுத்தைப் போலவே ஒருவர் பொய்யாகப் போட்டுவிட்டால் கீழே உள்ள அலுவலகம் அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றிவிடும் அல்லவா? பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்ஃபீனால் ஏ, டி.இ.எஸ். போன்றவை ஈஸ்ட்ரோஜனின் கையெழுத்தை இப்படித்தான் போடுகின்றன. வேறு சில, உத்தரவு வரும் வழியை மறித்துக்கொள்கின்றன. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உடலில் சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஆண் ஹார்மோனின் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு டெஸ்டோஸ்டிரோனை அண்டவிடாது. இன்னும் சில, ஹார்மோன் உற்பத்தியிலேயே கைவைக்கின்றன. பெர்குளோரேட் என்ற உப்பு, தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போகும் பாதையை அடைக்கும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் சில, கருவிலுள்ள ஆண் எலியின் விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைக்கின்றன.

பெரியவர்களின் உடலில் இப்படி ஒரு பொய் உத்தரவு வந்தால், பெரும்பாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். வேதிப்பொருள் வெளியேறியதும் பழைய நிலைக்குத் திரும்பவும் வாய்ப்புண்டு. கருவில் அப்படியில்லை. அங்கே ஹார்மோன் உறுப்பை நடத்துவதில்லை, உறுப்பைக் கட்டுகிறது. மனிதக் கருவில் ஆணின் பிறப்புறுப்பு உருவாகும் பாதையை டெஸ்டோஸ்டிரோன் தீர்மானிப்பது ஏறத்தாழ 8-ஆம் வாரத்திலிருந்து 14-ஆம் வாரத்துக்குள். அந்த வாரங்களில் ஹார்மோன் குறைந்துபோனால், பிறகு எவ்வளவு சுரந்தாலும் கட்டியதை மாற்ற முடியாது. மூளை விஷயமும் இப்படியே. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்கத் தெரியாது. மூளைச் செல்கள் பெருகி இடம்பெயரும் அந்தக் காலத்தில் தாயின் தைராய்டை நம்பியே அது வளர்கிறது. அப்போது தாயின் தைராய்டைத் தொந்தரவு செய்யும் எதுவும் குழந்தையின் மூளையைத் தொடுகிறது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைப்பது இதுதான்: எவ்வளவு என்ற கேள்விக்கு இணையாக, சில நேரம் அதைவிட மேலாக, எப்போது என்ற கேள்வி இங்கே முக்கியம். நம் நச்சியலும் சட்டங்களும் முதல் கேள்வியை மட்டுமே கேட்கப் பழகியவை.

கலிஃபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுத்து உறையவைத்துப் பாதுகாத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து பார்பரா கோன் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் அந்த ரத்தத்தில் டிடிடி அளவைப் பார்த்து, யார் யாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்பதோடு ஒப்பிட்டார்கள். 2007-இல் முடிவு வெளியானது. 14 வயதுக்கு முன்பே டிடிடி புழக்கத்துக்கு வந்துவிட்ட தலைமுறைப் பெண்களில், ரத்தத்தில் டிடிடி அதிகம் இருந்தவர்களுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் ஆபத்து ஐந்து மடங்காக இருந்தது. டிடிடி வந்தபோது 14 வயதைத் தாண்டியிருந்தவர்களிடம் அந்தத் தொடர்பே தென்படவில்லை. 2015-இல் அதே குழு அந்தக் கர்ப்பிணிகளின் மகள்களைப் பார்த்தது. கருவில் இருந்தபோது தாயின் ரத்தத்தில் ஒரு வகை டிடிடி அதிகம் இருந்த மகள்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது, ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்போது அந்த மகள்களுக்கு ஐம்பது வயதாகியிருந்தது.

இந்த வேதிப்பொருள்களுக்கு 'நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்கள்' என்ற பொதுப்பெயர் 1991-இல்தான் வந்தது. வைத்தவர்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் விங்ஸ்பிரெட் என்ற இடத்தில் கூடிய 21 அறிவியலாளர்கள். கூட்டியவர் தியோ கோல்பர்ன். மருந்தாளுநராக வாழ்ந்து, 58 வயதில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற பெண்மணி. வட அமெரிக்கப் பேரேரிகளில் மீன் தின்னும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் புரட்டியபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. வளர்ந்த பறவைகள் நன்றாகத்தான் இருந்தன. குஞ்சுகள்தான் தேறவில்லை. புற்றுநோயைத் தேடிப்போனவர் இனப்பெருக்கக் கோளாறுகளைக் கண்டு திரும்பினார்.

ஃபுளோரிடாவின் அபாப்கா ஏரியில் லூயி கில்லெட் என்ற ஆய்வாளர் கண்டது இன்னும் துலக்கமானது. 1980-இல் ஏரிக்கருகே இருந்த டவர் கெமிக்கல் நிறுவனத்திலிருந்து டிகோஃபால், டிடிடி உள்ளிட்ட பூச்சிக்கொல்லிகள் ஏரியில் கலந்தன. சில ஆண்டுகளில் ஏரி நீர் தெளிந்து, சோதனையில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. முதலையினத்தைச் சேர்ந்த அலிகேட்டர்களைக் கில்லெட் பிடித்துப் பார்த்தபோது, இளம் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்களின் அளவோடு ஒட்டி நின்றது. அவற்றின் ஆண்குறி இயல்பைவிடச் சிறுத்திருந்தது. தண்ணீர் சுத்தம் என்று சொன்ன ஆய்வகச் சீட்டும் பொய்யில்லை, முட்டைக்கருவின் கொழுப்பில் தங்கியிருந்த நஞ்சும் பொய்யில்லை.

நமக்குப் பக்கத்து ஊருக்கு வருவோம். கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு மாவட்டம். அங்கே மாநில அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மலைச்சரிவுகளில் விரிந்து கிடக்கின்றன. முந்திரிப் பூவையும் தளிரையும் உறிஞ்சிக் கெடுக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கட்டுப்படுத்த, 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். கீழே வீடுகளும் பள்ளிகளும் ஓடைகளும் இருந்தன. அங்கே மக்கள் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் திறந்த கிணறுகளிலிருந்தும், மலையைக் கிடைமட்டமாகக் குடைந்து எடுக்கும் சுரங்கங்களிலிருந்தும் வருவது. மேலே தெளித்தது மழையோடு இறங்கி நேரே குடத்துக்குள் வந்தது. பத்ரே என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த மோகன் குமார், தன்னிடம் வரும் நோயாளிகளில் குறையோடு பிறந்த குழந்தைகளும் மூளை சம்பந்தப்பட்ட கோளாறுகளும் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்து எழுதத் தொடங்கினார். விவசாயத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா நீதிமன்றத்துக்குப் போனார். 2000-ஆம் ஆண்டோடு வான்வழித் தெளிப்பு நின்றது.

அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிறகு அங்கே போனார்கள். தெளிப்புக்கு ஆளான பகுதியில் 10 முதல் 19 வயது வரையுள்ள 117 பையன்களையும், தெளிப்பே நடக்காத வேறொரு ஊரில் அதே வயதுள்ள 90 பேரையும் பரிசோதித்தார்கள். 2003-இல் வெளியான அந்த முடிவை ஒரு பருவ வயதுப் பையனின் வீட்டில் இருப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். எண்டோசல்பானுக்கு ஆளான பையன்களிடம் பூப்பு அடையாளங்கள் தாமதமாகியிருந்தன. வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோனோ கூடியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும். விந்தகத்தைப் பார்த்து இன்னும் சுரக்கச் சொல்லி மூளை மீண்டும் மீண்டும் உத்தரவிடுகிறது. விந்தகத்தால் முடியவில்லை. ஆய்வுக்கு உட்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதை அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பூச்சிமருந்துத் தொழில் சார்ந்தவர்கள் ஆய்வைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் ஓர் அரசு நிறுவனம் இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளின் ரத்தத்திலேயே ஹார்மோன் மாற்றத்தைக் கண்டது என்பதை மறைக்க முடியாது.

2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நஞ்சுப் பட்டியலிலும் அது சேர்ந்தது. 2017-இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கேரள அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்து ஆண்டு கழித்து 2022-இல் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் 8 பேருக்கு மட்டுமே பணம் போயிருந்தது.

மறுபடியும் டாட்ஸிடம் போக வேண்டும். டி.இ.எஸ்ஸைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1936-இல், ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும் எளிய வேதிப்பொருள்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். சினைப்பை அகற்றிய எலிகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். ஈஸ்ட்ரோஜனாக வேலை செய்தவற்றில் பிஸ்ஃபீனால் ஏவும் ஒன்று. வீரியம் குறைவு என்பதால் மருந்தாகத் தேறவில்லை. 1953-இல் அதே மூலப்பொருளிலிருந்து பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைச் செய்யும் வழி தெரிந்தது. குழந்தைகளின் பால் புட்டி, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், டின் உணவின் உட்பூச்சு என்று பிஸ்ஃபீனால் ஏ உலகெங்கும் பரவியது. இது ஹார்மோனைப் போல நடக்கும் என்பது பிளாஸ்டிக்காக மாறுவதற்கு முன்பே அச்சில் இருந்த செய்தி. தெரியாமல் நடந்த விபத்து என்று இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1998-இல் கிளீவ்லாந்தில் பட்ரிசியா ஹன்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாத எலிகளில்கூடத் திடீரென்று நூற்றுக்கு நாற்பது முட்டைகளில் குரோமோசோம்கள் தாறுமாறாக நின்றன. வழக்கமாக அது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். பல வாரத் தேடலுக்குப் பிறகு காரணம் தெரிந்தது. எலிக்கூடுகள் பாலிகார்பனேட். ஆய்வக ஊழியர் அவற்றைத் தவறுதலாகக் காரமான தரைச் சோப்பால் கழுவிவிட்டார். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு பிஸ்ஃபீனால் ஏ கசிந்திருந்தது.

சிறிய அளவு என்றால் பாதிப்பும் சிறியது என்ற கணக்கு ஹார்மோன்களிடம் எப்போதும் செல்லுபடியாவதில்லை. மிசூரி பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் வோம் சால் 1997-இல் காட்டியது போல, கர்ப்பிணி எலிக்கு டி.இ.எஸ். மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் பிறக்கும் ஆண் எலியின் புரோஸ்டேட் பெருத்தது. அளவை வெகுவாகக் கூட்டினால் சிறுத்தது. அதிக அளவில் சோதித்து, அதிலிருந்து வகுத்துக் கழித்துப் பாதுகாப்பான அளவைச் சொல்லும் பழைய முறை இங்கே நம்மைக் கைவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் பிஸ்ஃபீனால் ஏ வரை தாங்கலாம் என்றது. 2023-இல் அதையே 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு குறைவு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இந்த எண்ணை ஏற்கவில்லை, இவ்வளவு குறைக்கத் தேவையில்லை என்றது. அறிவியலாளர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்ஃபீனால் ஏவைத் தடை செய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. இந்தியாவிலும் குழந்தைகளின் பால் புட்டிகளில் அது கூடாது என்று 2015-இல் தர விதி வந்தது. ஆனால் 'பிபிஏ' (பிஸ்ஃபீனால் ஏ) இல்லை என்று அச்சிட்ட பல பொருள்களில் அதன் உடன்பிறப்பான பிஸ்ஃபீனால் எஸ் இருக்கிறது. அதுவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஏறக்குறைய அதேபோல் நடந்துகொள்கிறது.

சென்னையிலிருந்தும் ஒரு செய்தி. பெருங்குடி குப்பைக் கிடங்குக்கு அருகில் வசிக்கும் தாய்மார்களின் பாலை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக்கும் பிற குப்பையும் எரியும்போது உண்டாகும் டையாக்சின்கள், கிடங்கிலிருந்து தள்ளி வசிக்கும் தாய்மார்களைவிட இவர்களின் பாலில் கூடுதலாக இருந்தன. எப்படி வந்திருக்கும் என்று தேடியதில் பசும்பாலின் மேல் சந்தேகம் விழுந்தது. கிடங்கில் மேய்ந்த மாடுகள், அந்த மாடுகளின் பால், அதைக் குடித்த தாய், தாயிடமிருந்து பிள்ளை. டையாக்சின் கொழுப்பில் தங்கும், ஆண்டுக்கணக்கில் வெளியேறாது. இதைப் படிக்கும் இளம் தாய்மார்கள் ஒன்றைத் தவறாமல் நினைவில் வைக்க வேண்டும்: இத்தனைக்குப் பிறகும் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு ஈடான உணவு இல்லை, நிறுத்தக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சுத்தமாக வேண்டியது குப்பைக் கிடங்கு.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட 2012-ஆம் ஆண்டு அறிக்கை, ஹார்மோன்களில் குறுக்கிடும் என்று தெரிந்த அல்லது சந்தேகிக்கும் வேதிப்பொருள்கள் 800-க்கு அருகில் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவற்றை முறையாகச் சோதித்ததே இல்லை என்பதையும் அதே அறிக்கை சொல்லியது. நீரிழிவு, குழந்தையின்மை, சீக்கிரமே பூப்பெய்துதல் என்று வரும் ஒவ்வொன்றுக்கும் இவைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உணவு, உடலுழைப்பு, மரபு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் முழு நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருப்பதென்றால், இன்று கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஐம்பது வயதாகும்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. சூடான சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்காதீர்கள், எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கடைகளில் தரும் வழவழப்பான பில்லைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள், அந்தத் தாளின் மேற்பூச்சில் பிஸ்ஃபீனால் இருக்கும். தெருவில் குப்பையைக் கொளுத்துபவரைத் தடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கரப்பான் மருந்து அடிப்பதையும் பெயின்ட் பூசுவதையும் தள்ளிப் போடுங்கள்.

இதெல்லாம் கொஞ்சம்தான் உதவும். காற்றிலும் பாலிலும் வருவதை எந்தக் குடும்பமும் தனியாகத் தடுத்துவிட முடியாது. ஐரோப்பாவில் 2007 முதல் நடைமுறையில் உள்ள 'ரீச்' சட்டம், ஒரு வேதிப்பொருளை விற்க விரும்பும் நிறுவனமே அதன் பாதுகாப்புத் தரவைத் தர வேண்டும், தராவிட்டால் சந்தை கிடையாது என்கிறது. இந்தியாவில் பூச்சிமருந்துகளுக்கு 1968-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. எல்லா வேதிப்பொருள்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, சாலையும் தண்ணீரும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: ஒரு பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே, அது கருவிலுள்ள குழந்தையின் ஹார்மோன்களைத் தொடுமா என்று சோதித்துக் காட்டும் பொறுப்பைத் தயாரிப்பவரிடம் சட்டம் ஒப்படைக்க வேண்டும்.